பறவை ஆபீஸ் பாடு

ஈச்சங்குப்பத்தில் அந்தக் கட்டடத்தைச் சீர்படுத்தியபோது யாரும் சண்டை போடவில்லை. கட்டடத்துக்குள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டபோதுதான் ஊர் வாயைத் திறந்தது.

முன்பு ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த பழைய கொட்டகை அது. சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, சுவர் பூசி, தரை போட்டு, ஏரியில் இருக்கிற ஜீவன்களையெல்லாம் பெரிய பெரிய படமாக்கிச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். பூநாரையும் கூழைக்கடாவும் ஒரு பக்கம். நண்டும் இறாலும் மடவையும் எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு மேசை மேல் சிப்பிகள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க. சன்னலோரம் ஒரு தொலைநோக்கி. வாசலில் 'பழவேற்காடு ஏரி பல்லுயிர் தகவல் மையம்' என்று நீலப் பலகை. அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொழுதில்லை. 'பறவை ஆபீஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

இனி அதைத் தினமும் திறந்து, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஊரிலிருந்தே ஒரு ஆள் வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் வித்யா அதைத்தான் ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். அவள் ஏரியைத் தாண்டி உள்ளே நெல் விளையும் பக்கத்துப் பெண்; ஏரிக்கரைக்கு ஸ்கூட்டரில் வந்து போகிறவள். "ஒரே ஒருத்தர் போதும். நாங்க பயிற்சி குடுப்போம். தினப்படியும் உண்டு" என்றாள்.

கங்கையம்மன் கோயில் வாசலில் சம்மணம் போட்டிருந்த ஊர்த்தலைவர் அங்கமுத்து தலையை ஆட்டினார். "ஒருத்தருக்கா? அது எப்பிடிம்மா ஆவும்? பொதுவுல வந்தது எதுவா இருந்தாலும் இந்த ஊர்ல பாடுதான்."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் அள்ளி விழுகிற இடமும் உண்டு, வெறும் பாசி விழுகிற இடமும் உண்டு. நல்ல இடத்தை ஒருவனே பிடித்துக்கொண்டால் மற்றவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கும். அதனால் அம்மன் முன்னால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். யார் யோசித்த ஏற்பாடோ, அவர் நல்ல கதிக்குத்தான் போயிருப்பார். ஆனால் ஊர் அதோடு நிற்கவில்லை. கோயிலுக்கு விளக்கேற்றுவதும் பாடு, குடிதண்ணீர்க் குழாயில் வரிசையும் பாடு என்று ஆயிற்று. இப்போது பறவை ஆபீஸ் நாற்காலியும்.

"ஐயா, இது மீன் பிடிக்கிற வேலை இல்லையே. கொஞ்சம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்…" என்று வித்யா இழுத்தாள்.

"எல்லாருக்கும் கத்துக் குடு. நீ டீச்சர் மாதிரிதான கீற" என்றான் எல்லப்பன். சுத்துவலை போட்டு மீனை வளைத்துப் பிடிக்கிறவன், வாய்க்காரன்.

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்ற கோவிந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவள் அல்ல. ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தும் மீதிப் பேரைத் தலைகுனிய வைத்தும் பழகிய வாய் அவளுடையது. ஆனால் பாடு என்றால் சீட்டு; சீட்டுப் பேச்சு வந்தால் அவளுக்குச் சிரிப்பு வராது.

அந்த ஊர்ச் சீட்டு காகிதத்தில் எழுதுவதல்ல. வலையின் மேற்கயிற்றில் கோக்கிற மிதவைகளில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் குறியைச் செதுக்கி வைத்திருப்பான், வலை அறுந்து போனால் யாருடையது என்று தெரிய. அங்கமுத்துவுக்குப் பெருக்கல் குறி. எல்லப்பனுக்கு மீன்வால். புதிதாய்க் கல்யாணமான லோகேஷுக்கு அவன் பெண்சாதி பேரின் முதலெழுத்து. சீட்டன்று அந்த மிதவைகளில் ஒன்றை மூடிய கைக்குள் வைத்துக் கொண்டுவந்து அம்மன் பானைக்குள் போட வேண்டும். பூசாரி வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுப்பார். தலைவர் குறியைப் பார்த்து வீட்டைக் கூப்பிடுவார். வந்த வரிசைப்படி, அடுத்த சீட்டு வரை முறை திரும்பத் திரும்பச் சுற்றி வரும். யார் எத்தனை போட்டார்கள் என்று யாரும் சோதிப்பதில்லை. தன் குறியை இரண்டு போட்டால் இரண்டு தடவை வெளியே வந்து மானத்தை வாங்கிவிடும், அவ்வளவுதான். பானையிலிருந்து வந்தது அம்மன் கொடுத்தது. அதைத் திரும்ப உள்ளே போடுகிற வழக்கமும் இல்லை.

பாடு ஆண்களுக்குத்தான். கோவிந்தம்மாவின் கணவன் கன்னியப்பன் இருந்தவரை அவனுடைய குறி, வட்டத்துக்குள் ஒரு புள்ளி, கண் மாதிரி, பானைக்குள் போய் வந்துகொண்டிருந்தது. அவன் காய்ச்சலில் போன பிறகு அதுவும் நின்றுபோயிற்று. மகன் இல்லை. ஒரே மகள் நெல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். கன்னியப்பனின் வலையைக் கோவிந்தம்மா விற்கவில்லை. "கெடந்து மக்கிப் போறதுக்கு நாலு பேருக்கு ஆவட்டும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டாள். கயிறு ஒரு வீட்டுக்கு, ஈயக்குண்டு ஒரு வீட்டுக்கு, மிதவைகள் கைக்கு வந்தபடி ஊர் முழுக்க. தானோ, விடியுமுன் செல்வம்மாளோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்வித் தொங்கவிட்ட ஓலைப்பறியில் போட்டுப் பிழைத்தாள். செல்வம்மாளும் அவளைப் போல் தனியானவள்.

சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் எல்லா வீட்டையும் கூப்பிடும்போது தன் வீட்டை மட்டும் தாண்டிப் போவது அவளுக்குக் கேட்கும். கூப்பிடாத பெயர் எப்படிக் கேட்குமோ. அவளுக்குக் கேட்டது.

முதல் சுற்று ஆரம்பித்தது. அதைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லப்பன் முறையன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவன் ஒவ்வொரு படமாய்க் காட்டித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "இது மடவை. மாங்கா போட்டுக் கொழம்பு வெச்சா மறுநாள்தான் ருசி. இது கொடுவா. வறுவலுக்கு. இது நண்டு. சளிக்கு மெளகு அரைச்சு ரசம் வைக்கணும்." பறவைகள் பக்கம் வந்ததும் கொஞ்சம் தயங்கி, "இதெல்லாம் துன்னக் கூடாது. கேசு" என்று முடித்துக்கொண்டான். அந்தக் குடும்பம் பல்லுயிர் பற்றி என்ன தெரிந்துகொண்டதோ, "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போயிற்று.

லோகேஷ் கூழைக்கடா படத்தின் முன்னால் நின்று சண்டையே போட்டான். அவன் வலையைக் கிழித்து மீனை அள்ளிக்கொண்டு போனது அந்தப் பறவைதானாம். "இந்த மூஞ்சிய நல்லா பாத்து வெச்சுக்கோங்க சார்" என்று வந்தவர்களிடம் போலீஸ்காரன் மாதிரி சொன்னான். பூசாரி வீரராகவனோ, பூநாரை அம்மனின் குங்குமத் தண்ணீரில் குளித்ததால்தான் சிவந்தது என்று ஒரு கதை கட்டி, பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு அம்மாளை அழவும் வைத்துவிட்டார். அந்த அம்மாள் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வித்யா சுவரோரம் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மழை விட்டு, முகத்துவாரம் திறந்துகொள்ள, ஏரியில் இறால் விழ ஆரம்பித்தது. நாற்காலி இனி யாருக்கு வேண்டும்?

"யக்கா, இன்னிக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா நீ போய்க் குந்திக்கோயேன். காசு உனக்கு, பேரு எனக்கு" என்று முதலில் வந்து நின்றவன் எல்லப்பன்.

"உன் பேரை வெச்சுகினு நான் இன்னாடா பண்றது? கொழம்பு வைக்கறதா?" என்றாள் கோவிந்தம்மா. ஆனாலும் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து லோகேஷ், "பெரிம்மா, பெரிம்மா" என்று வந்து குழைந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். கொஞ்ச நாளில், பாடு யாருடையதாக இருந்தாலும் நாற்காலியில் இருந்தது கோவிந்தம்மாதான்.

வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அன்றன்று யார் முறையோ அவர் பெயரை வித்யா அதில் எழுதிவைப்பாள். 'இன்று உங்களுக்கு விளக்கம் தருபவர்: எல்லப்பன்' என்று ஒரு நாள் எழுதியிருந்தது. உள்ளே வந்த ஒரு பெரிய மனிதர் பலகையையும் கோவிந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லப்பன்ங்கிறது…?"

"இன்னிக்கு நாந்தான் சார். நேத்து லோகேஷா இருந்தேன். உள்ள வாங்க" என்றாள்.

வித்யா அவளுக்குப் பாடம் சொல்லித் தந்தாள். கோவிந்தம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் காதில் விழுந்தது தங்கிவிடும். பூநாரை ஏன் சிவப்பு என்று தெரிந்த அன்று அவள் அசந்துபோனாள். அது தின்கிற பொடி உயிர்களின் நிறமாம். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறமாம்; தின்னத் தின்னச் சிவக்குமாம். "அம்பது வருசமா கண்ணெதிர்ல நிக்குது. ஒரு வார்த்த சொல்லுச்சா பாரு" என்று பறவைமேல் கோபித்துக்கொண்டாள். மறுநாள் தண்ணீரில் நின்றுகொண்டு அதையே செல்வம்மாளுக்கு விஸ்தாரமாகச் சொன்னாள். வாயில் பறியைக் கவ்வியிருந்ததால் செல்வம்மாளால் "ம்" மட்டும்தான் சொல்ல முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு ஆள் கிடைத்தது பாடம் சொல்கிறவளுக்கு எவ்வளவு வசதி!

ஒரு நாள் சாயங்காலம் கதவைப் பூட்டும்போது வித்யா சொன்னாள்: "அக்கா, நான் மேல பேசி உங்களையே நிரந்தரமா போடச் சொல்றேன். பலகையில தினமும் உங்க பேருதான்."

கோவிந்தம்மா சாவியை அவள் கையில் வைத்தாள். "வேணாம்மா."

"ஏன்க்கா? உங்களவிட யாரு இருக்காங்க?"

"நீ எழுதினா அது உன் எழுத்து. நல்ல எழுத்துதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஊரு கூப்புடாத பேரு பலகையில இருந்தா, விருந்தாளிக்கு எல போட்ட மாதிரி. நான் இன்னா விருந்துக்கா வந்தேன்? அம்மன் பானையில என் வூட்டுக் குறி போய் வரட்டும். ஒரே ஒரு நாள் பாடு வந்தாலும் போதும். அந்த ஒரு நாள் நான் கோவிந்தம்மாவா குந்தறேன்."

"அப்ப ஊர்ல கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். எனக்கு வாயில்லன்னு எவனாவது சொன்னானா?"

பொங்கலுக்கு முந்திய கூட்டத்தில் கேட்டாள். முதல் சுற்று முடியப்போகிறது. அடுத்த சீட்டு காணும் பொங்கலுக்கு மறுநாள். அங்கமுத்து கன்னியப்பனுக்குப் பெரியப்பா மகன். அவளுக்கு மாமா முறை.

"மாமா, அடுத்த சீட்டுல என் வூட்டையும் சேத்துக்கோங்க."

அங்கமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யம்மா, பாடு ஆம்பளைக்குத்தானே. அது வழக்கம்."

"வழக்கம் ஏரிக்கு. நாக்காலி நேத்து வந்துச்சு. அதுக்கு இன்னா வழக்கம்?"

"நாக்காலிக்கு இன்னிக்கு வுட்டா, நாளைக்குச் சுத்துவலைப் பாட்டுலயும் பங்கு கேப்பாங்க. அப்பால ஊரு ரெண்டாவும். நாளைக்கு எல்லாரும் என்னத்தான கேப்பாங்க?"

"நான் தண்ணியில பங்கு கேக்கல மாமா. நாக்காலியிலதான் கேக்கறேன். அதுவும் ஒரு நாளைக்கு."

அவள் யார் யாருக்குப் பதிலாக உட்கார்ந்தாளோ அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எல்லப்பன் தன் கால் நகத்தை, அதில் ஏதோ எழுதியிருப்பது போலப் படித்துக்கொண்டிருந்தான். லோகேஷுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ வந்துவிட்டது. அங்கமுத்து, "பாக்கலாம்மா" என்றார். அவர் வாயில் 'பாக்கலாம்' என்று வந்தால் 'முடியாது' என்று அர்த்தம் என்பது ஈச்சங்குப்பத்தில் நாய்க்குட்டிக்கும் தெரியும்.

கோவிந்தம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "சரி. இனிமே எல்லப்பன் எல்லப்பனாவே குந்தட்டும். லோகேஷ் லோகேஷாவே குந்தட்டும். எத்தினி நாளைக்குத்தான் நான் மீசை ஒட்டிகினு திரியறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தும்வரை அந்தச் சிரிப்பு நின்றது. அப்புறம் நிற்கவில்லை. அதைப் பார்த்தவள் அம்மன் ஒருத்திதான்.

சுற்றில் மீதியிருந்த முறைகளில் ஆண்களே போய் உட்கார வேண்டியதாயிற்று. வேறொருவனுக்குப் பதிலாக உட்கார்ந்த எல்லப்பன், தொலைநோக்கியைப் பறவைகள் பக்கமே திருப்பவில்லை. தன் வலை கிடக்கும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மச்சான் இறாலை ஒழுங்காக அள்ளுகிறானா என்று நாள் முழுக்கப் பார்த்தான். அவ்வப்போது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏய், இழுறா! இழு!" என்று கத்தினான். பறவை பார்க்க வந்தவர்கள், பறவைகள் பறந்து போனதைப் பார்த்தார்கள்.

கடைசியில் அங்கமுத்துவின் முறையும் வந்தது. அன்று பார்த்துப் பொன்னேரியிலிருந்து ஒரு வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு, சுவர்ப் படங்களின் கீழே எழுதியிருந்ததை வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

கோவிந்தம்மா அப்போதுதான் கரையேறி, ஈரப் புடவையோடு அந்த வழியாய்ப் போனாள். சன்னல் திறந்திருந்தது. "பல்லுயிர்ப் பெருக்கம் என்பது யாதெனில்…" என்று தலைவரின் குரல் கேட்டது. யாதெனில்! அவள் நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "ஐயா, பூநாரை ஏன் செவப்பா இருக்கு?"

மனப்பாடத்துக்கு நடுவில் கேள்வி வரும் என்று அங்கமுத்துவுக்கு யாரும் சொல்லவில்லை. யாதெனில் வரைக்கும் வந்தது அங்கேயே நின்றது. அவர் படத்தைப் பார்த்தார். பறவை அவரைப் பார்த்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வித்யா அன்று ஏதோ வேலையாய்ச் சென்னைக்குப் போயிருந்தாள். பின்வரிசையில் கிசுகிசுவென்று சிரிப்பு கிளம்பியது.

நல்லா வேணும், என்று கோவிந்தம்மா நினைத்தாள். பொய் சொல்வானேன், அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று சன்னல் கம்பியைப் பிடித்தாள். அப்போது அங்கமுத்துவின் கை சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தது. பதில் தெரியாதபோது கன்னியப்பனும் அப்படித்தான் திருகுவான். திருகித் திருகி, அவன் சட்டைகளில் மேல் பொத்தான் தங்கினதே இல்லை.

அவள் பறியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள்.

"தலைவரே, எனக்கும் ஒரு டவுட்டு. அந்தப் பறவை குஞ்சா இருக்கறப்ப சாம்பலாத்தான் இருக்கும், அப்பால தண்ணியில கீற பொடி உயிருங்களத் துன்னு துன்னுதான் செவக்குதுன்னு அன்னிக்கு எங்களுக்குச் சொன்னீங்களே. மெய்யாலுமா?"

அங்கமுத்து அவளைப் பார்த்தார். பொத்தானை விட்டார். "மெய்தான்" என்றார் கம்பீரமாக.

"ஒத்தக் கால்ல நிக்கறது குளுருக்குன்னும் சொன்னீங்க. ஒரு காலு தண்ணியில, ஒரு காலு றெக்கைக்குள்ள கதகதன்னு."

"ஆமா. குளுரு."

அப்படியே சுவர் முழுக்க நடந்தது. அவள் கேட்டாள், அவர் ஆமா போட்டார். நண்டு ஏன் சட்டையைக் கழற்றுகிறது, இறால் எங்கே பிறந்து எங்கே வளர்கிறது, எல்லாம் தலைவர் சொன்னதாகவே ஆயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். "உங்க தலைவருக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு!" என்று டீச்சர் வியந்தாள்.

"அதான அவுரு தலைவரு" என்றாள் கோவிந்தம்மா. வேன் கிளம்பிய பிறகு, வாசலில் பறியை எடுத்துக்கொண்டே, "மாமா, அடுத்த தபா கொஞ்சம் நெதானமா ஆமா போடுங்க. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள போட்டுடறீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் 'பாக்கலாம்' என்று சொல்லித் தப்பித்திருப்பார். உதவி செய்தவள் கையை நீட்டாமல் போய்விட்டால் மனிதன் என்னதான் செய்வான்? அன்று சாயங்காலம் தலைவர் காபியில் சர்க்கரை இல்லாததுகூடத் தெரியாமல் குடித்தார் என்று அவர் மனைவி குழாயடியில் சொன்னாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் கோயில் வாசலில் பானை வைத்தார்கள். போக வேண்டாம் என்றுதான் கோவிந்தம்மா நினைத்திருந்தாள். ஆனால் கால் தானாக வந்து பழைய தூணில் சாய்ந்துகொண்டது. செல்வம்மாள் பக்கத்தில் நின்றாள். வித்யாவும் வந்திருந்தாள்.

ஆண்கள் ஒவ்வொருவராய் மூடிய கையோடு வந்து பானைக்குள் விட்டுப் போனார்கள். சில கைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக மூடியிருந்தன. "பொங்கக் கரும்பு ஒடிச்சதுல கை வீங்கிப் போச்சா இவனுங்களுக்கு?" என்று கோவிந்தம்மா செல்வம்மாளின் காதில் கேட்டாள்.

வீரராகவன் கற்பூரம் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். ஒரு வீடு வந்தது. இன்னொரு வீடு வந்தது. அடுத்ததை வாங்கிப் பார்த்த அங்கமுத்து, அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது… கன்னியப்பன் குறி மாதிரி கீதே."

"யாரு போட்டது?" என்றார் பூசாரி, கண்ணைத் திறக்காமலே.

"யாரு போட்டா இன்னா? வந்தது வந்துடுச்சு. அம்மன் குடுத்ததைத் திருப்பிப் போட முடியுமா?" என்று அங்கமுத்து மளமளவென்று சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் வராத பேச்சு அன்று தடங்கல் இல்லாமல் வந்தது. பிறகு குரலை உயர்த்தி, "கன்னியப்பன் வூடு! கோவிந்தம்மா!" என்று கூப்பிட்டார்.

அவளுக்குக் கேட்டது. ஆனால் நம்புவதற்குள் செல்வம்மாள் கிள்ளிவிட்டாள்.

வீரராகவன் அடுத்ததை எடுத்தார். அங்கமுத்து பார்த்தார். இந்த முறை அவர் முகம் மெய்யாகவே மாறியது. வட்டத்துக்குள் புள்ளி. "மறுபடியும் கன்னியப்பன்…" என்றார் மெல்ல. "நான் ஒண்ணுதான…" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வீடுகள் தள்ளி மறுபடியும் வந்தது. அப்புறமும் வந்தது. எல்லப்பன் லோகேஷைப் பார்த்தான்.

"நீயுமாடா?"

"நீ மட்டும் இன்னாண்ணே?"

பூசாரி கண்ணைத் திறந்தேவிட்டார். "இன்னாங்கடா இது? பானைக்குள்ள கன்னியப்பன் வலையே கீது போல!" கடைசியாக வந்த மிதவையில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஊர் முழுக்கப் பூசாரியின் விரலைப் பார்த்தது. அவர் அவசரமாகக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வலையைப் பிரித்து அவள் வீடு வீடாய்க் கொடுத்த அதே மிதவைகள். ஒவ்வொருவனும் மற்றவனுக்குத் தெரியாமல், தன் வலையிலிருந்து ஒன்றை அவிழ்த்து, தன்னுடையதோடு சேர்த்துக் கைக்குள் மூடிக் கொண்டுவந்திருந்தான். நாற்காலியில் உட்கார அலுப்புப்பட்டு அவளைத் திரும்ப வரவழைக்கப் போட்டவர்களும் அதில் உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டுமே. அம்மன் அதையெல்லாம் கழித்துக்கொண்டு பார்க்கிறவள் அல்ல.

கோவிந்தம்மா முன்னால் வந்தாள். மிதவைகளை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"இன்னாய்யா இது? ஒண்ணு கேட்டா கூடையோட கொட்டறீங்க? என்னை நாக்காலியில கட்டிப் போட்டுட்டு அல்லாரும் எறா அள்ளப் போறீங்களா?" என்று ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தடவை இருமினாள்.

பிறகு ஒன்றை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துச் செல்வம்மாளின் கையில் வைத்தாள். "இது செல்வம்மா வூடு. மீதி, ஊர்ல இன்னும் கூப்புடாத வூடுங்களுக்கு. வந்ததைத் திருப்பிப் போடக் கூடாது, சரி. கை மாத்தலாம்ல மாமா? இவனுங்கல்லாம் இத்தினி நாளா எனக்கு மாத்தலயா?"

"பாக்கலாம்" என்றார் அங்கமுத்து பழக்க தோஷத்தில். கூட்டம் உர்ரென்று பார்க்கவும் பதறிப்போனார். "இந்தப் பாக்கலாம் அந்தப் பாக்கலாம் இல்லப்பா! சரின்னு அர்த்தம்."

அவள் முறையன்று வித்யா சீக்கிரமே வந்து கரும்பலகையைத் துடைத்து எழுதினாள். கோவிந்தம்மா மகள் எடுத்துக் கொடுத்த பொங்கல் புடவையில் வந்து, பலகைக்கு எதிரில் தலையைச் சாய்த்து நின்று பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா போடும்மா. எல்லப்பன் பேரை எவ்ளோ பெருசா போட்ட?"

வித்யா அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்.

முதலில் வந்தவர்கள் ஒரு புருஷனும் பெண்சாதியும். அந்தப் பெண் பலகையைப் படித்துவிட்டு, "நீங்கதான் கோவிந்தம்மாவா?" என்று கேட்டாள்.

எல்லப்பனாகவும் லோகேஷாகவும் இருந்தபோது வந்த வாய் கோவிந்தம்மாவுக்கு எங்கே போயிற்றோ. "ஆமா" என்றாள், தனக்கே கேட்காத குரலில். பிறகு அவர்களை உள்ளே அழைத்துப் போய்ப் பூநாரையிலிருந்து ஆரம்பித்தாள்.

நடுவில் வாசலில் நிழல் விழுந்தது. எல்லப்பன். ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறான். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையைக் கட்டிக்கொண்டு வெகு மரியாதையாகக் கேட்டான்:

"யம்மா, இங்க எல்லப்பன்னு ஒருத்தரு இருப்பாரே, இல்லீங்களா?"

"அவுரு எறா புடிக்கப் போயிருக்காரு" என்றாள் கோவிந்தம்மா. இப்போது வாய் திரும்பி வந்துவிட்டது. "நான் கோவிந்தம்மா. இன்னா வேணும்? காலைக் கழுவிட்டு உள்ள வா. இவங்களுக்குப் பின்னால நில்லு. நடுவுல கொழம்பு கதை பேசக் கூடாது."

எல்லப்பன் காலைக் கழுவிவிட்டு வந்து பின்னால் நின்றான். பூநாரை ஏன் சிவப்பு என்று அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.